சுட்டிக்காட்டும் தூரம்: விமர்சனக் கலைக் காட்சியும் மலையகப் பார்வையாளரும்

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சி கூட்டிய தொழிலாளர் கூட்டத்தில் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் பேசினார். லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஓவியமும் பயின்றவர் அவர். மடுல்கலையின் ரெலுகஸ் தோட்டத்துக்குத் தேயிலைத் தொழில் பழக வந்து, தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலையை இழந்தவர். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மலைமேல் தெரிந்த துரைமாரின் வெள்ளைப் பங்களாக்களைச் சுட்டிக்காட்டி, அங்குள்ள சொகுசு யாருடைய உழைப்பில் நிற்கிறது என்று பிரேஸ்கேர்டில் விளக்கினார். அதே மாதத்தில் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். உயர்நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாததாக்கியது.

சட்ட வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட இந்நிகழ்வை நான் கலை வரலாற்றின் கேள்வியாகப் பார்க்கிறேன். கேட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். பேச்சின் இலக்கு அவர்கள் கண்ணெதிரே மலைமேல் நின்றது. ஆட்சி பதறியதற்கு அந்த நெருக்கமும் ஒரு காரணம். இன்று அரசியல் விமர்சனம் செய்யும் சமகாலக் கலையை நூதனசாலையில் வைக்கும்போது, படைப்பின் துணிச்சலை மட்டும் அளப்பது போதாது. படைப்பு சுட்டும் பொருளுக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையிலான தூரத்தையும் அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையில் இக்கலைமரபு வலுவானது. ஜகத் வீரசிங்க 1990களின் தொடக்கத்தில் வன்முறையின் பதற்றத்தை ஓவியத்தின் நேரடிப் பொருளாக்கினார். சந்திரகுப்த தேனுவர 1997இல், சோதனைச் சாவடிகளில் உருமறைப்பு நிறம் பூசி நிறுத்தப்பட்டிருந்த பீப்பாய்களையே காட்சிக்குக் கொண்டுவந்து, அதற்குப் ‘பீப்பாயியம்’ என்று பெயரிட்டார். கறுப்பு ஜூலையின் நினைவாக ஜூலை 23ஐ ஒட்டி அவர் ஆண்டுதோறும் காட்சி வைத்துவருவது, அரச மறதிக்கு எதிரான தனிமனித நாட்காட்டி. எம்பிலிப்பிட்டியில் காணாமலாக்கப்பட்ட மாணவர்களின் நினைவாக வீரசிங்க வடிவமைத்த நினைவிடம் பத்தரமுல்லையில் எழுந்தது, பின்னர் அழிந்தது. திறந்தவெளியில் நின்றது அழிய, காட்சியறைக்குள் வைத்தது தப்பியது. ஆகவே நூதனசாலை தரும் பாதுகாப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஷர்மினி பெரேராவின் தொகுப்பில் 2018இல் டாக்காவில் காட்டப்பட்ட ‘நூறாயிரம் சிறுகதைகள்’ காட்சி, 2019 டிசம்பரில் கொழும்பின் நவீன, சமகாலக் கலை நூதனசாலையைத் திறந்துவைத்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய இலங்கையின் காயங்களை ஒரே கூரையின்கீழ் மூன்று மொழிகளிலும் விளக்கியது பெரிய சாதனை. தமிழ் விளக்கப் பலகை இருப்பதால் மட்டும் நாவலப்பிட்டித் தோட்டத்துப் பெண் அங்கே பார்வையாளராகிவிடுவதில்லை. கொழும்புக்குப் போய்வரும் நாள் அவருக்கு வேலைப் பதிவில் பெயர் விழாத நாள். அன்றைய சம்பளம் போய்விடும்.

இவ்விடைவெளி கலையின் வடிவத்தையே பாதிக்கிறது. தா. சனாதனனின் ‘முழுமையுறாத் தோம்பு’ (2011), போரால் இடம்பெயர்ந்தோர் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைத் தொகுக்கிறது. அவர்களின் கோட்டோவியம், கட்டடக் கலைஞரின் படம், சனாதனனின் ஓவியம் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரைத் தாங்கி, பதிவேடு கைவிட்டதைப் பதிகிறது அந்நூல். ஈழத்தமிழ்க் கலையின் உச்சங்களில் ஒன்றாக அதை மதிக்கிறேன். ஆனால் அதே வடிவத்தைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது. லயத்துக் காம்பராவில் தலைமுறைகள் பிறந்து இறந்திருக்கின்றன, ஆனால் அது ஒருபோதும் அவர்களுடைய காணியாக இருந்ததில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாட்டின் பதிவேட்டிலிருந்தும் நீக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. உரிமையே இல்லாத வீட்டை இழந்தவரின் தரைப்படத்தை எப்படி வரைவது? மலையகக் கலை தன் வடிவத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் அத்தகைய ஒரு வழியைக் கண்டார். தேயிலைப் பைகளும் வடிகட்டிகளும் அவருடைய ஊடகம். தோட்டத்துப் பெண்ணின் உடலும் உழைப்பும் அவற்றில் கறையாகப் படிகின்றன. கொழும்பில் இதைக் காண்பவர் தம் கையிலுள்ள கோப்பையை நினைத்துக் குற்றவுணர்வு கொள்ளலாம். அது பயனுள்ள உணர்வுதான். கொழுந்து பறிப்பவர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்: என் கறை எனக்குத் தெரியும், இதில் என் கோபம் எங்கே? அக்கேள்வியைக் கலைஞர் நேரில் எதிர்கொள்ளும் இடம்தான் நமக்கு வாய்க்கவில்லை.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கண்டிக்கு அருகே உள்ள இரண்டு நூதனசாலைகள் சான்று. ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. உருளை இயந்திரங்களும் இலங்கைத் தேயிலைச் செய்கையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் அங்கே சிறப்பாகப் பேணப்படுகின்றன. அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து சுமந்தவர்களின் வாழ்வு மையத்துக்கு வரவேயில்லை. கம்பளைக்கு அப்பால் பழைய பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொழிலாளர் நூதனசாலையை ஒரு லயத்திலேயே அமைத்தது. பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களும் அங்கே தம் சொந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன. கடனைச் சுமத்தி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்ததைப் பாடநூல் ஒரு வரியில் கடக்கும். லயத்துக்குள் நின்று அதைப் பற்றிக் கேட்கும்போது, பாட்டன் காலத்துக் கடன் அந்த அறையின் அளவிலேயே விளங்கிவிடுகிறது. சமகாலக் கலைஞர் பலரும் பாடுபட்டு உருவாக்கும் விமர்சன விளைவை அந்த இடம் இயல்பாகவே தருகிறது.

விமர்சனக் கலையை மலையகத்திலேயே காட்ட வேண்டும் என்றால் ஒரு மறுப்பு எழும்: ஈரம் மிகுந்த மலைநாட்டில் படைப்புகளைப் பேண முடியுமா, அரசியல் காட்சிக்குத் தோட்ட நிர்வாகமும் கட்சிகளும் இடம் கொடுக்குமா? ஈரத்துக்குத் தீர்வு உண்டு. தேயிலையைக் காயவைத்துக் காக்கத் தெரிந்த நாடு இது. இரண்டாவது ஐயத்தை நான் தடையாகக் கருதவில்லை, காட்சி தேவை என்பதற்கான சான்றாகவே கருதுகிறேன். எவரையும் சங்கடப்படுத்தாத தொலைவில் வைக்கப்படும் விமர்சனத்தை எவரும் தடுக்க வேண்டியதில்லை.

1874இல் ரயில் வந்த நாள் முதல் சுற்றுத் தோட்டங்களின் சந்திப்பிடமாக இருந்துவரும் நாவலப்பிட்டி, இத்தகைய காட்சிக்குத் தகுந்த ஊர். கொழும்பின் நூதனசாலை தன் மலையகப் படைப்புகளை, சம்பளம் இழக்காமல் மக்கள் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமைகளில், இந்நகரின் பாடசாலை மண்டபமொன்றில் காட்ட வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகமும் பீகொக் நூதனசாலையும் அதற்குத் துணைநிற்க வேண்டும். தொகுப்பாளர் குழுவில் தோட்டத் தொழிலாளர்கள் இடம்பெற வேண்டும், ஹந்தானையின் இயந்திரங்களுக்கருகே என்ன எழுதப்பட வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும்.