அரங்கப் பொருட்களும் சுழற்கருவியும்: கொழும்புத் தமிழரங்கின் எழுதப்படாத ஒரு பக்கம்

ஈழத்துத் தமிழ் நாடகம் பற்றிய ஆய்வுகள் ஆசிரியரையும் நெறியாளரையும் நடிகரையும் பற்றி விரிவாகப் பேசுகின்றன. அரசனுக்கு முடியையும் வீரனுக்கு வாளையும் ஆக்கிக்கொடுத்த கைகளைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. ஆக்கியவனை மறந்து ஆக்கத்தை மட்டும் போற்றுதல் நமது வரலாற்றெழுத்தின் பழைய குறைபாடாகும். அக்கைகள் ஏந்திய கருவி எவ்வாறு மாறியது, அம்மாற்றம் எத்தகைய ஆபத்தைக் கொணர்ந்தது என்பவற்றை இங்கு நோக்க முற்படுகின்றோம்.

மரபுவழிக் கூத்தில் முடியும் புய அணியும் மார்புப் பதக்கமும் பாரங்குறைந்த மரத்திற் செதுக்கப்பட்டுக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டன. தமிழகத்துக் கட்டைக்கூத்து தன் பெயரையே இத்தகைய கட்டை அணிகளிலிருந்து பெற்றது. உளியும் அரமும் வில்லினாற் சுழற்றும் துறப்பணமுமே அன்றைய கருவிகள். துறப்பணத்தைச் சுழற்றியது மனிதனின் தோள். தோள் ஓய்ந்தாற் கருவியும் ஓயும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றைத் தயாரித்துக் கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்தார். படித்த நகர மாந்தரும் கூத்தாடத் தொடங்கியபின், அணிகலன் ஆக்குதல் கிராமக் கைவினைஞரின் பரம்பரைத் தொழிலாக மட்டும் நின்றிருக்க முடியாது.

சுழற்கருவியின் வரலாறோ வேறு திசையில் வளர்ந்தது. 1871இல் அமெரிக்கரான ஜேம்ஸ் மொறிசன் காலால் மிதித்து இயக்கும் பல்வைத்தியத் துளைகருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் பைன் நிறுவனம் கையில் ஏந்தும் மின்துளைகருவியை ஆக்கியது. 1930களில் அமெரிக்காவின் டிரெமெல் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் சுழற்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. நகைத்தொழிலில் தொங்கு மோட்டாரும் வளையும் தண்டும் கொண்ட கருவியாக இதன் உறவினம் பயில்கின்றது. இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பொழுதுபோக்காக அரங்கப் பொருள் ஆக்கும் இளைஞருக்கும் அது எட்டிவிட்டது.

அதனைத் தெரிவு செய்யுங்கால் விலையை மட்டும் நோக்குதல் தவறாகும். வேகத்தை மாற்றும் வசதி முதன்மையானது. மரத்தைச் செதுக்க உதவும் உயர்வேகம் ரிஜிபோமையும் பிளாஸ்ரிக்கையும் உருக்கிவிடும், சூடேறிய பீ.வீ.சீ. ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளிவிடும். முனையைக் கவ்வும் வளையம் பொதுவாகப் பயிலும் 3.2 மில்லிமீற்றர் தண்டுக்குப் பொருந்துவதாயின் உதிரி முனைகள் எளிதிற் கிடைக்கும். கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் கருவி 120 வோல்ற்றுக்குரியது. நமது 230 வோல்ற்று மின்சாரத்தில் நேரடியாக இணைத்தால் அது கருகிப்போகும்.

வேகத்தின் பொருள் யாதென்பதைக் கணக்கிட்டு நோக்குவோம். 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள வெட்டுத்தட்டு நிமிடத்திற்கு 28,000 முறை சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது. தட்டு உடையின் அதன் துண்டும் ஏறத்தாழ அவ்வேகத்திலேயே கண்ணை நாடும். ஆதலாற் பக்கங்களையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இன்றியமையாதது. சாதாரண மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. தட்டிற் பொறிக்கப்பட்ட வேக வரம்பு கருவியின் வேகத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். தளர்ந்த கையுறை, சால்வை, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகியன சுழலும் முனையிற் சிக்கக்கூடியவை.

கண்ணுக்குப் புலப்படாத ஆபத்து தூசி. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியது. எனவே முகத்திற் கைக்குட்டை கட்டுதல் போதாது. என்95 தர முகக்கவசம் தேவை. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஓர் அறையிலோ கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீட்டிலோ எழும் தூசியை ஆக்குவோன் மட்டும் சுவாசிப்பதில்லை. அடுத்த அறையில் உறங்கும் குழந்தையும் சுவாசிக்கின்றது.

வெள்ளவத்தையில் நிலைகொண்டுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் தோன்றிய அதே 1942ஆம் ஆண்டிலேயே, நமது நாட்டில் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் ஆக்கப்பட்டது. இயந்திரத்திற்கு வேலி, கண்ணுக்குக் காப்பு, தூசியை அகற்றல் ஆகியவற்றை அது முதலாளியின் கடமையாக்கியது. இவை தொழிலாளரின் இரத்தத்தால் உலகம் கற்ற பாடங்கள். ஆனால் கூலியின்றிக் கலைக்காக வீட்டில் உழைப்பவனைத் தொழிற்சாலைச் சட்டம் காண்பதில்லை. தொழிற்சாலையின் வேகம் வீட்டிற்கு வந்துவிட்டது. தொழிற்சாலையின் காப்பு உடன் வரவில்லை. இதுவே நாம் சுட்ட விழையும் முரண்பாடாகும்.

இம்முரண்பாட்டைத் தீர்க்கும் பொறுப்பைத் தனிமனிதரின் தலையிற் சுமத்துதல் நியாயமன்று. மண்டப வாடகையையும் ஒளியமைப்பையும் செலவுக் கணக்கில் எழுதும் நாடக மன்றங்கள், கண்ணாடிக்கும் முகக்கவசத்திற்குமான பணத்தையும் அதே கணக்கில் எழுதுதல் வேண்டும். நிகழ்ச்சி நிரலில் நடிகரின் பெயருக்கருகே பொருள் ஆக்கியவரின் பெயரும் இடம்பெறுதல் வேண்டும். மேடையில் ஒளிரும் வாளுக்காக மேடைக்குப் பின்னால் ஒரு கண் இருளுமாயின், அக்கலையை மக்கள் கலையென்று நாம் அழைக்க முடியாது.