செம்பும் செங்கோலும்

மனித வரலாற்றைக் கற்காலம், செப்புக்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் எனக் கருவிகளின் பெயரால் பகுத்துப் படிப்பது நமது பாடசாலைகளில் வழக்கமாகிவிட்டது. இப்பகுப்புப் பயனுடையதே. ஆயினும் இதனூடே தவறான எண்ணமொன்றும் மாணவர் மனத்தில் வேரூன்றிவிடுகின்றது. உலோகம் வந்தது; அதன் பின்னே ஆள்வோரும் ஆளப்படுவோரும் தாமாகவே தோன்றினர் என்பதே அவ்வெண்ணம். உலோகத்தை முதன்முதற் கையாண்ட உழவர் சமுதாயங்கள் இரண்டினை ஒப்புநோக்கி இதனைச் சோதித்துப் பார்ப்போம்.

பல்கேரியாவின் கருங்கடற் கரையிலுள்ள வார்ணா நகருக்கருகே, 1972ஆம் ஆண்டில் அகழி வெட்டும் வேலையின்போது பொன்னணிகள் வெளிப்பட்டன. இவான் இவானோவ் தலைமையில் நடந்த அகழ்வில் ஏறக்குறைய 300 புதைகுழிகள் வெளிவந்தன. அவை கி.மு. 4600க்கும் 4300க்கும் இடைப்பட்டவை; எகிப்தியப் பிரமிட்டுகளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் முற்பட்டவை. அங்கு கிடைத்த 3,000க்கு மேற்பட்ட பொற்பொருள்களின் மொத்த நிறை 6 கிலோகிராம் அளவாகும். அதன் பெரும்பங்கு நான்கே குழிகளில் இருந்தது. 43ஆம் குழியில் கிடந்த ஓர் ஆணுடன் மட்டும் 1.5 கிலோகிராம் அளவான பொன் புதைக்கப்பட்டிருந்தது. பொன்வேய்ந்த பிடியுடைய கோடரியொன்று அவன் கையிற் செங்கோலாக விளங்கிற்று. வேறு பலரோ சில மட்கலங்களுடனேயே மண்ணுக்குள் சென்றனர். உடலே இல்லாத சில குழிகளிலுங்கூடப் பொன் குவிந்திருந்தது.

இச்செல்வம் யாருடைய உழைப்பில் விளைந்தது? ஸ்தாரா ஸகோராவுக்கு அருகிலுள்ள ஐ புனார் செப்புச் சுரங்கத்தைச் சோவியத் ஆய்வாளர் எவ்கெனி செர்னிக் 1970களில் ஆராய்ந்தார். மான்கொம்புக் குத்துக்கோல்களும் கற்சம்மட்டிகளும் அங்கு தாதுவைப் பிளக்கப் பயன்பட்டன. வார்ணாவுக்கு அண்மையிலுள்ள புரோவாடியாவில் உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். கோதுமையும் கால்நடையும் வளர்த்த உழவர் அனைவருக்கும் உணவளித்தனர். செம்பு மென்மையான உலோகம். எனவே அன்றாட வேலைகளிற் பெரும்பாலானவற்றைக் கல்லும் எலும்புமே செய்தன. உழுபவன் கைக்கு வருமுன்னரே உலோகம் உயர்ந்தோன் கைக்குச் சென்றுவிட்டது.

ஆனால் வார்ணா மட்டுமே முழு வரலாறாகிவிடாது. இன்றைய உக்கிரேனிலும் மொல்தோவாவிலும் ருமேனியாவிலும் பரந்து வாழ்ந்த திரிப்பில்லியா மக்களும் செம்பை அறிந்திருந்தனர். கி.மு. 4000ஐ ஒட்டிய காலத்தில் அவர்கள் மாபெருங் குடியிருப்புகளை அமைத்தனர். தாலியாங்கி 300 ஹெக்டேயருக்கு மேற்பட்டது. அங்கு நடுவே வெறுவெளியை விட்டு, வட்டத்துள் வட்டமாக வீடுகள் நின்றன. அரண்மனையென்று சொல்லத்தக்கதோ, பொன் குவித்த கல்லறையோ அகப்படவில்லை. மக்கள் கூடுவதற்குரிய பொதுக் கட்டடங்கள் உள்ளன. வீடுகளின் பரப்பளவை ஒப்பிட்ட அண்மைக்கால ஆய்வுகள், ஏற்றத்தாழ்வு அங்கு நீண்டகாலம் குறைவாகவே இருந்ததென்றும், இறுதிக்கட்டத்தில் மீண்டும் தலைதூக்கிற்றென்றும் கூறுகின்றன. கி.மு. 3600 அளவில் அப்பெருங்குடியிருப்புகள் கைவிடப்பட்டன.

இங்கு மார்க்சிய அறிஞர் கோர்டன் சைல்டை நினைவுகூர்தல் தகும். உழவர் விளைத்த உபரியே உலோகத் தொழிலாளனை வயல்வேலையிலிருந்து விடுவித்தது என்று விளக்கியவர் அவர். ஐரோப்பாவுக்கு உலோகக் கலை அண்மைக் கிழக்கிலிருந்தே வந்ததென்றும் அவர் கருதினார். அவர் 1957இல் மறைந்த பின்னர், மரவளையங்களால் திருத்தப்பட்ட கதிரியக்கக் காபன் காலக்கணிப்புப் பால்கன் செம்பின் தொன்மையை நிறுவியது. அதன் சுயேச்சையான தோற்றத்தைக் கொலின் ரென்ஃப்ரு 1969இல் வலியுறுத்தினார். சைல்டின் காலக்கணக்குப் பிழைத்தது. உபரியை விளைத்தவர் யார், அதைக் கவர்ந்தவர் யார் என்ற வினா பிழைக்கவில்லை.

ஒரே உலோகம் ஓரிடத்திற் செங்கோலுக்குத் துணைபோயிற்று; வேறோரிடத்தில் ஆயிரக்கணக்கானோர் அதனோடு பெருமளவு சமமாக வாழ்ந்தனர். ஆகவே ஏற்றத்தாழ்வு உலோகத்தின் இயல்பன்று; மனிதர் தம்முள் ஏற்படுத்திக்கொண்ட உறவுகளின் விளைவு. மனிதர் ஆக்கியதை மனிதர் மாற்றவும் கூடும். செப்புக்காலத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், கருவி எதனாற் செய்யப்பட்டது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அது யார் கையில் இருந்தது என்றும் மாணவரைக் கேட்கப் பழக்குவாராயின், வரலாறு அங்கே உயிர்பெறும்.