ஸ்பிரிங்கும் ஹார்மோனும்: மார்பக வளர்ச்சி பற்றிய ஒரு பழைய நம்பிக்கையின் கதை

1960களிலும் 70களிலும் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகளைப் புரட்டியவர்களுக்கு 'மார்க் ஈடன்' விளம்பரம் நன்றாகவே தெரிந்திருக்கும். சிப்பி ஓடு மாதிரி இரண்டு பிளாஸ்டிக் மூடிகள், நடுவில் ஒரு ஸ்பிரிங். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்க வேண்டும், விட வேண்டும். தினமும் சில நிமிடம் செய்தால் மார்பகம் பெருக்கும் என்றது விளம்பரம். தபாலில் விற்ற சரக்கு என்பதால் அமெரிக்கத் தபால் துறையே மோசடி என்று வழக்குக்குப் போனது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 1980களின் தொடக்கத்தில்தான் கடை மூடப்பட்டது.

வாங்கியவர்கள் எல்லோரும் ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. டேப் வைத்து அளந்தால் சிலருக்கு அளவு கொஞ்சம் கூடியும் இருக்கும். மார்பகம் என்பது சுரப்பி, கொழுப்பு, இவற்றைப் பிடித்து வைக்கும் இணைப்புத் திசு. பெருக்க வைக்கக்கூடிய தசை அதற்குள் இல்லை, அதற்கு அடியில்தான் இருக்கிறது. தண்டால் எடுத்தாலும் ஸ்பிரிங்கை அமுக்கினாலும் பருப்பது அந்தத் தசைதான். அடித்தளம் உயர்ந்தால் மேலே இருப்பது சற்று முன்னால் தெரியும், அவ்வளவே.

அப்படியானால் மார்பகத்தை வளர்ப்பது எது? வேடிக்கை என்னவென்றால், ஸ்பிரிங் விற்பனைக்கு வருவதற்கு ஐம்பது வருடம் முன்பே வியன்னாவில் இதற்கு விடை கிடைத்துவிட்டது!

கதை அதற்கும் முன்னால், 1849இல், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் தொடங்குகிறது. அர்னால்ட் பெர்தோல்ட் என்பவர் சேவல் குஞ்சுகளுக்குக் காயடித்தார். சிலவற்றுக்கு மட்டும் விரையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்தார். அவை மட்டும் கொண்டை சிவந்து, கூவி, சண்டை போடும் முழுச் சேவல்களாக வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த உறுப்பு ரத்தத்தின் வழியாக எதையோ அனுப்புகிறது என்று புரிந்தது. வியன்னாவின் யூஜின் ஸ்டைனாக் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்து 1912இல் வெளியிட்டார். இளம் ஆண் எலிகளுக்கும் கினிப்பன்றிகளுக்கும் விரையை நீக்கிவிட்டுச் சினைப்பையைப் பொருத்தினார். ஆண் கினிப்பன்றிகளுக்குப் பால் சுரப்பிகள் வளர்ந்தன, காம்புகள் பெருத்தன. சில பால் சுரந்து குட்டிகளுக்குக் கொடுக்கவும் செய்தன. எந்த உடற்பயிற்சியும் இல்லை.

அந்த 'எதையோ' என்பதற்குப் பெயர் கிடைத்தது 1929இல். அதே கோட்டிங்கனில் அடால்ஃப் பூட்டெனான்ட், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எட்வர்ட் டாய்சி, இருவரும் தனித்தனியாக, கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோனைப் பிரித்தார்கள். 1938இல் பெர்லினின் ஷெரிங் நிறுவனம் எதினைல் ஈஸ்ட்ரடையாலை உருவாக்கியது. வாய்வழியாகச் சாப்பிட்டாலே வேலை செய்யும் மருந்து அது.

செடிகளும் இந்த வேலையைச் செய்யும் என்பது மேற்கு ஆஸ்திரேலியாவில் தெரிந்தது. அங்கே 1940களில் குளோவர் என்ற தீவனப்பயிரை மேய்ந்த பெண் ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. காயடித்த கிடாக்களுக்கோ மடி வளர்ந்து பால் வந்தது! 1946இல் இது அறிக்கையாக வெளியானது. 'இயற்கை முறையில் பெண்மை' என்று வேரும் இலையும் விற்பவர்களுக்கு இது நல்ல சாட்சி போலத் தோன்றும். ஆனால் அந்த ஆடுகளுக்குக் குளோவர்தான் முக்கிய உணவு, அதுவும் நாள் தவறாமல். காலையில் ஒரு டம்ளர் வெந்தயத் தண்ணீர் அதற்கு ஈடாகாது.

மனிதர்களில் இந்தக் கதையை உலகறியச் செய்தவர் கிறிஸ்டீன் ஜோர்கென்சன். 1926இல் நியூயார்க்கில் பிறந்து, அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். ஹார்மோன் பற்றிய புத்தகங்களைப் படித்துவிட்டு, எதினைல் ஈஸ்ட்ரடையால் மாத்திரையைத் தானே வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார். 1950இல் டென்மார்க் போனபிறகு கிறிஸ்டியன் ஹாம்பர்கர் என்ற மருத்துவரின் கண்காணிப்பில் சிகிச்சை தொடர்ந்தது. 1952 டிசம்பர் 1 அன்று நியூயார்க் டெய்லி நியூஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அதன்பின் ஹாம்பர்கருக்குக் கடிதங்கள் குவிந்தன. பாலினம் மாற விரும்பிய 465 பேரின் கடிதங்களை வைத்து அவர் 1953இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

ஜோர்கென்சன் முதலில் செய்ததைத்தான் நம் ஊரிலும் பல திருநங்கைகள் செய்தார்கள். மருத்துவரிடம் போகக் கூச்சம், போனாலும் அவமானம். ஆகவே மெடிக்கல் ஷாப்பில் மாலா-டி. அந்தக் கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனும் எதினைல் ஈஸ்ட்ரடையால்தான். அதிகம் சாப்பிட்டால் சீக்கிரம் வளரும் என்று நாலைந்து மாத்திரை விழுங்குபவர்களுக்கு அது ரத்தக்கட்டி அபாயத்தைத்தான் கூட்டும். திருநங்கைகளுக்கான சிகிச்சையில் மருத்துவர்கள் இந்த மருந்தைக் கைவிட்டு ஈஸ்ட்ரடையாலுக்கு மாறியதற்குக் காரணமே இந்த ரத்தக்கட்டிதான்.

சரி, உடற்பயிற்சிக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஸ்பிரிங் விற்றவர்கள் சொன்ன திசையில் இல்லை. ஹார்வர்டின் ரோஸ் ஃப்ரிஷ் 1981இல் கல்லூரி நீச்சல், ஓட்ட வீராங்கனைகளை ஆராய்ந்தார். பூப்பெய்தும் முன்பே கடும் பயிற்சி தொடங்கியவர்கள் சராசரியாக 15.1 வயதில் பூப்பெய்தினார்கள். பின்னால் தொடங்கியவர்களுக்கு அது 12.8. முன்கூட்டியே பயிற்சி செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் சுமார் 5 மாதத் தாமதம். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மூளை சினைப்பையை அடக்கி வைத்துவிடுகிறது.

ஹார்மோனை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் திருநங்கைக்கு இந்த வழியில் தடை வராது. ஆனால் பட்டினி கிடந்து மணிக்கணக்கில் ஓடி இடுப்பை இளைக்க வைத்தால், கொழுப்பு மார்பிலிருந்தும்தான் கரையும். மறுபக்கம், தண்டால் எடுத்தால் மார்பு ஆண் மாதிரி அகன்றுவிடும் என்று பயந்து உடற்பயிற்சியையே விடுபவர்களும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த உடலில் தசை அவ்வளவு சுலபமாகப் பருக்காது. அளவான பயிற்சியால் எலும்புக்கும் இதயத்துக்கும் லாபம்தான்.

2018இல் ஐரோப்பிய மருத்துவமனைகளில் 229 திருநங்கைகளை ஹார்மோன் சிகிச்சையின் முதல் வருடம் முழுக்க அளந்து ஓர் ஆய்வு வந்தது. மார்பின் சுற்றளவுக்கும் அதற்குக் கீழே உள்ள சுற்றளவுக்கும் வருட முடிவில் இருந்த சராசரி வித்தியாசம் 7.9 செ.மீ. வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்திலேயே நடந்திருந்தது. யாருக்கு அதிகம் வளரும், யாருக்குக் குறைவு என்பதை ரத்தத்தில் இருந்த ஈஸ்ட்ரடையால் அளவை வைத்துக்கூட அவர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.