மர்லின் மன்றோ கவுனும் மூணு வாரத்துல 7 கிலோவும்

1/ மக்களே, ஒரு வரலாற்று இழை. இன்றைய ஹாலிவுட் பிரபலங்கள் ஏன் திரும்பத் திரும்ப அந்தக் காலத்து நடிகைகள் மாதிரியே வந்து நிக்கிறாங்க? அந்த "கிளாசிக் அழகு" முதல்ல எப்படி உருவாச்சு? ஒரு டாக்டரா இதுல சொல்ல எனக்கு நிறைய இருக்கு. பொறுமையா படிங்க.

2/ 2022 மே மாதம், நியூயார்க் மெட் காலா விழா. கிம் கர்தாஷியன் ஒரு கவுனில் வந்தார். 1962 மே 19 அன்று அதிபர் கென்னடிக்குப் பிறந்தநாள் வாழ்த்து பாடும்போது மர்லின் மன்றோ உடுத்தியிருந்த அதே கவுன். 2016-ல் 48 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

3/ கவுன் அவருக்குச் சேரல. அறுபது வருஷத்துத் துணி, பிரிச்சுத் தைக்கவும் முடியாது. அதனால உடம்பைக் குறைத்தார். 3 வாரத்தில் 16 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ! சர்க்கரையும் மாவுச்சத்தும் கட். வியர்க்க வைக்கும் சானா சூட் தினமும் ரெண்டு வேளை. எல்லாம் அவரே சொன்னதுதான். அப்படியும் பின்பக்கம் முழுசா மூடல, வெள்ளை சால்வை போட்டு மறைத்தார்.

4/ பொதுவா நாங்க சொல்வது வாரத்துக்கு அரை கிலோ முதல் 1 கிலோ வரைதான். சானா சூட்ல குறையறது பெரும்பாலும் தண்ணி. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா திரும்பி வந்துடும். ஆனா அதுக்குள்ள மயக்கம், உப்புச்சத்துக் குறைபாடு, சிறுநீரகச் சுமை எல்லாம் வரலாம்.

5/ சரி, மர்லினுக்காவது அந்த அழகு இயல்பா வந்ததா? நார்மா ஜீன் என்ற பெயரில் பிறந்தவர். பழுப்பு முடி. 1946-ல் அதை வெளுக்க வைத்தார்கள். 1950-ல் தாடையில் குருத்தெலும்பு வைத்த விவரம், அவருடைய மருத்துவக் குறிப்புகள் 2013-ல் ஏலத்துக்கு வந்தபோது வெளியானது.

6/ அவர் யாரைப் பார்த்து வளர்ந்தார்? ஜீன் ஹார்லோ. 1931-ல் வெளிவந்த 'பிளாட்டினம் பிளாண்ட்' பட நாயகி. அந்த வெள்ளி நிற முடியும் ரசாயனத்தின் வேலைதான். ஹார்லோவா ஒரு படத்தில் நடிக்கணும்னு மர்லினுக்கு ஆசையே இருந்தது.

7/ 1937-ல் ஹார்லோ இறந்தபோது வயசு 26. "முடிக்குப் போட்ட மருந்துதான் கொன்னுடுச்சு" என்று இன்னிக்கும் சொல்றாங்க. தப்பு. சிறுநீரகச் செயலிழப்புதான் காரணம். அன்னிக்கு அதுக்கு வழியே இல்ல. டயாலிசிஸ் இயந்திரத்தை வில்லெம் கோல்ஃப் உருவாக்கியது 1943-ல், நெதர்லாந்தில்.

8/ ரீட்டா ஹேவொர்த் தெரியுமா? இயற்பெயர் மார்கரிட்டா கான்சினோ, அப்பா ஸ்பெயின்காரர். "ரொம்ப வெளிநாட்டு முகமா இருக்கு" என்று பெயரை மாத்தி, முடியைச் சிவப்பாக்கி, நெற்றி அகலமாகத் தெரிய முடி வேர்களை மின்சாரத்தால் பொசுக்கினாங்க. பல தடவை, வலியோட.

9/ ஜூடி கார்லண்ட். 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' (1939) எடுக்கும்போது 16 வயசுப் பொண்ணு. எடை ஏறக்கூடாதுன்னு ஸ்டூடியோவில் டயட். பசி தெரியாம, தூக்கம் வராம வேலை செய்ய ஒரு மாத்திரை, தூங்க இன்னொன்னு என்று பின்னாளில் அவரே சொன்னார். 1969-ல் தூக்க மாத்திரை அளவு மீறி இறந்தார். வயசு 47.

10/ என்னை ரொம்பப் பாதிச்சது ஆட்ரி ஹெப்பர்ன் கதை. மெல்லிய இடுப்பு, நீண்ட கழுத்து, கறுப்பு கவுன். இன்னிக்கும் எத்தனை அட்டைப்படங்களில் அந்த லுக்! ஆனா 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில் பஞ்சம். ஜனங்க டியூலிப் கிழங்கு தின்ன காலம். 20,000 பேர் வரை செத்தாங்க. ஆட்ரிக்கு அப்போ 15 வயசு. ரத்தசோகை, மஞ்சள் காமாலை, கால் வீக்கம். வளர்ற வயசில் பட்ட பட்டினி அது. உலகம் அந்த உடம்பைப் பார்த்து "ஸ்டைல்" என்றது.

11/ அவர் அதை மறக்கல. 1988-ல் யுனிசெஃப் சார்பா எத்தியோப்பியா, 1992-ல் சோமாலியா என்று பசித்த குழந்தைகளைத் தேடிப் போனார். 1993 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார்.

12/ இப்ப நகல்களைப் பாருங்க. ஹார்லோவைப் பார்த்து மர்லின். மர்லினைப் பார்த்து 1985-ல் 'மெட்டீரியல் கேர்ள்' மடோனா. அப்புறம் அன்னா நிகோல் ஸ்மித், அப்புறம் கிம். மர்லின் அந்தக் கவுன் போட்ட மூணு மாசத்துக்குள்ள, 36 வயசில் இறந்தார். உடலில் பென்டோபார்பிட்டால், குளோரல் ஹைட்ரேட். அவரைப் போலவே இருக்க ஆசைப்பட்ட அன்னா நிகோல் 2007-ல் 39 வயசில் இறந்தபோதும் முக்கியக் காரணம் அதே குளோரல் ஹைட்ரேட், வேறு மருந்துகளோடு சேர்ந்து.

13/ அன்னிக்கு ஆம்ஃபெட்டமைன், இன்னிக்கு செமாக்ளுடைட் ஊசி. இரண்டும் ஒண்ணு கிடையாது. நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் செமாக்ளுடைட் நல்ல மருந்து. ஆனா சரியான எடையில் இருக்கிறவங்க, ஒரு போட்டோவுக்காக, டாக்டரைக் கேட்காமப் போடறதுக்கு அது இல்ல.

14/ உடை, மேக்கப், ஹேர் ஸ்டைல், தாராளமா ரசிங்க, போடுங்க. நானும் ரசிப்பேன். ஆனா உங்க பொண்ணோ தங்கச்சியோ திடீர்னு சாப்பாட்டைக் குறைச்சு, மாதவிடாய் நின்னு, கொத்துக் கொத்தா முடி கொட்டி, எழுந்தா தலை சுத்துதுன்னா "டயட்ல இருக்கா"ன்னு விட்டுடாதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. திட்டாம கூட்டிட்டு வாங்க, அது முக்கியம்.

தேவைப்படும் ஒருவருக்குப் பகிருங்கள்.