பூனைக்குட்டியின் கையொப்பம்: எம்.டி.எம். நிறுவனத்தின் திரை இலச்சினைகளும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பு வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சித் தொடரின் இறுதியில் சில நொடிகளே தோன்றி மறையும் தயாரிப்பு நிறுவன இலச்சினை, அத்தொடரின் உரிமை யாருடையது என்பதை அறிவிக்கும் அடையாளமாகும். அமெரிக்காவின் எம்.டி.எம். நிறுவனம் பயன்படுத்திய பூனைக்குட்டி இலச்சினையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமை முத்திரையாகத் தொடங்கிய அவ்வடையாளம் படைப்பாளரின் கையொப்பமாக மாறிய முறையும், அம்மாற்றத்திற்கு 1970-இல் வகுக்கப்பட்ட ஒளிபரப்பு விதிகள் அமைத்துத் தந்த களமும், அவ்விதிகள் நீங்கியபின் நேர்ந்த விளைவுகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திரை இலச்சினை, எம்.டி.எம்., தயாரிப்பு நிறுவனம், மறுஒளிபரப்பு உரிமை, தொலைக்காட்சி வரலாறு.

முன்னுரை

நூலின் வரலாற்றை ஆராய்வோர் முகப்புப் பக்கத்தையும் பதிப்பக முத்திரையையும் சான்றுகளாகக் கொள்வர். யார் அச்சிட்டார், யாருக்கு உரிமை இருந்தது, அவ்வுரிமை எப்போது கைமாறியது என்பனவற்றை அவை காட்டும். தொலைக்காட்சிப் படைப்பில் இதற்கு ஒப்பான இடத்தைப் பெறுவது தயாரிப்பு நிறுவனத்தின் திரை இலச்சினையாகும். எனினும், கதை முடிந்தபின் வருவதாலும் சில நொடிகளுக்குள் மறைந்துவிடுவதாலும் இது பெரும்பாலும் ஆய்வுக்கு உட்படாத பகுதியாகவே இருந்துவந்துள்ளது. இலச்சினை தொழில்வரலாற்றின் ஆவணம் என்பதும், சில இடங்களில் அது கதையின் ஒரு பகுதியாகவே செயல்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

தொடக்ககால இலச்சினைகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் இருபது ஆண்டுகளில் இலச்சினை பெரிதும் நிறுவன முத்திரையாகவே விளங்கியது. ஜாக் வெப்பின் மார்க் செவன் நிறுவனம், சுத்தியலால் அடித்து உலோகத்தில் எழுத்துப் பொறிக்கும் கைகளைக் காட்டியது. முத்திரை குத்துதல் என்னும் செயலையே அது காட்சியாக்கியது. கொலம்பியா பிக்சர்சின் தொலைக்காட்சிப் பிரிவான ஸ்கிரீன் ஜெம்ஸ், 1965-இல் 'எஸ்' என்னும் எழுத்தை உணர்த்தும் வடிவத்தை அறிமுகப்படுத்தியது. அதற்கு எரிக் சைடே மின்னணுக் கருவியால் இசையமைத்தார். இவை இரண்டிலும் மனித முகமோ நகைச்சுவையோ இல்லை. எழுத்தும் வடிவமும் ஒலியும் சேர்ந்து 'இது எமது உடைமை' என்று அறிவித்தன.

சிங்கமும் பூனைக்குட்டியும்

நடிகை மேரி டைலர் மூரும் அவர்தம் கணவர் கிராண்ட் டிங்கரும் 1969-இல் எம்.டி.எம். நிறுவனத்தைத் தொடங்கினர். சி.பி.எஸ். வலையமைப்புக்கென இந்நிறுவனம் தயாரித்த 'தி மேரி டைலர் மூர் ஷோ' 1970 முதல் 1977 வரை ஒளிபரப்பாயிற்று. நடிகையின் பெயரின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயராயின. அவ்வெழுத்துகள் எம்.ஜி.எம். என்னும் பெரும் திரைப்பட நிறுவனத்தின் பெயரை நினைவூட்டின. அவ்வொலியொப்புமையே இலச்சினைக்கு அடிப்படையாயிற்று.

எம்.ஜி.எம். நிறுவனத்தின் சிங்க இலச்சினை, அந்நிறுவனம் 1924-இல் உருவாவதற்கு முன்பே கோல்ட்வின் பிக்சர்சுக்காக ஹோவர்ட் டீட்ஸ் வடிவமைத்ததாகும். வளையத்திற்குள் சிங்கம் கர்ச்சிக்க, அதனைச் சுற்றிக் கலை கலைக்காகவே என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் அமைந்திருக்கும். எம்.டி.எம். அதே வளையத்தில் மிம்சி என்னும் பூனைக்குட்டியை வைத்தது. கர்ச்சனை வரவேண்டிய இடத்தில் மெல்லிய 'மியாவ்' ஒலித்தது. சிங்கமும் பூனையும் ஒரே குடும்பத்து விலங்குகள். வேறுபாடு உருவிலும் குரலிலும் மட்டுமே. பெருந்திரைக்கும் வீட்டுத் திரைக்கும், பழைய பெருநிறுவனத்திற்கும் புதிய சிறுநிறுவனத்திற்கும் உள்ள உறவை இவ்வொப்புமை ஒரே காட்சியில் உணர்த்திவிட்டது. முத்திரையின் வடிவத்தை ஏற்றுக்கொண்டே முத்திரையின் அதிகாரத் தோரணையை எள்ளிநகையாடியது இவ்விலச்சினையின் தனித்தன்மையாகும்.

1970-இன் விதிகளும் தனித் தயாரிப்பாளரும்

இச்சிறு நிறுவனம் தழைத்ததற்கு அதன் திறன் மட்டும் காரணமன்று. 1970-இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் நிதிநலன், மறுஒளிபரப்பு ஆகியவை குறித்த விதிகளை வகுத்தது. வலையமைப்புகள் வெளியார் தயாரித்த நிகழ்ச்சிகளில் நிதிப்பங்கு கொள்வதையும், அவற்றை உள்நாட்டில் மறுஒளிபரப்புக்கு விற்பதையும் இவ்விதிகள் தடைசெய்தன. வலையமைப்பு அளித்த உரிமக் கட்டணம் பெரும்பாலும் தயாரிப்புச் செலவை ஈடுசெய்யவில்லை. எனினும், முதல் ஒளிபரப்புக்குப்பின் உரிமை தயாரிப்பாளரிடமே இருந்தமையால், உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்பு உரிமையை விற்று இழப்பை ஈடுசெய்து வருவாயும் ஈட்ட முடிந்தது.

இவ்விதிகளின் மற்றொரு விளைவு வயாகாம் நிறுவனம். சி.பி.எஸ். தன் மறுஒளிபரப்புப் பிரிவைத் தனி நிறுவனமாக்கி 1971-இல் பிரித்துவிட்டது. பழைய தொடர்களின் இறுதியில் வயாகாமின் பெயர் தோன்றலாயிற்று. ஆகவே 1970-களின் திரையில் இருவகை இலச்சினைகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று படைத்தவருடையது, மற்றது விற்பவருடையது. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை அறியாமல் அக்காலத் தொடர் ஒன்றின் உரிமை வரலாற்றை எழுத இயலாது.

தொடருக்கேற்ற வேடங்கள்

எம்.டி.எம். நகைச்சுவைத் தொடர்களிலிருந்து ஒருமணி நேர நாடகத் தொடர்களுக்குப் பெயர்ந்தபோது இலச்சினையும் மாறியது. காவல்நிலையத்தைக் களமாகக் கொண்ட 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' (1981–1987) தொடரின் இறுதியில் பூனைக்குட்டி காவலர் தொப்பி அணிந்திருந்தது. மருத்துவமனைத் தொடரான 'செயின்ட் எல்ஸ்வேர்' (1982–1988) அதற்கு அறுவை மருத்துவரின் தொப்பியையும் முகமூடியையும் அணிவித்தது. துப்பறியும் தொடரான 'ரெமிங்டன் ஸ்டீல்' (1982–1987) ஷெர்லாக் ஹோம்சுக்குரிய தொப்பியையும் புகைக்குழாயையும் அளித்தது. 'நியூஹார்ட்' தொடரிலோ பூனையின் குரலுக்கு மாற்றாக, நாயகர் பாப் நியூஹார்ட் தம் இயல்பான குரலில் 'மியாவ்' என்றார்.

உரிமை முத்திரை மாறாதிருத்தலே அதன் பயன்; மாறினால் அடையாளம் குலையும் என்பது வணிக நியதி. எம்.டி.எம். இந்நியதியை மீறியும் அதன் அடையாளம் குலையவில்லை. வளையமும் பூனையும் நிலைத்திருக்க, வேடமும் குரலும் மாறின. இதனால் இலச்சினை கதையுலகிற்கு வெளியே நிற்கும் அறிவிப்பு என்னும் நிலையிலிருந்து, கதையைப் பற்றிப் படைப்பாளர் கூறும் இறுதிச் சொல் என்னும் நிலையை எய்தியது.

இம்மாற்றத்தின் உச்சம் 1988 மே 25 அன்று ஒளிபரப்பான 'செயின்ட் எல்ஸ்வேர்' இறுதிப் பகுதியாகும். ஆறு பருவங்களாகப் பார்வையாளர் கண்ட மருத்துவமனை முழுவதும் ஒரு சிறுவனின் கண்ணாடி உருண்டைக்குள் அமைந்த கற்பனையோ என்று அப்பகுதியின் இறுதிக் காட்சி ஐயுற வைத்தது. அதன்பின் பெயர்ப்பட்டியல் ஓடுகையில், பூனைக்குட்டி மருத்துவக் கருவிகள் பொருத்தப்பட்டுப் படுத்துக் கிடந்தது. இதயத் துடிப்பைக் காட்டும் கோடு முடிவில் நேர்கோடாயிற்று. கதையின் உலகைக் கற்பனையெனக் கலைத்தவர்கள், அதைப் படைத்த நிறுவனத்தின் அடையாளத்தையும் உடன் இறக்கச் செய்தனர். இலச்சினையை நீக்கிவிட்டு இப்பகுதியைக் காண்பவர் அதன் முடிவை முழுமையாகக் கண்டவராகார்.

மரபின் தொடர்ச்சி

எம்.டி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எழுத்தாளர்கள் பின்னர்த் தமக்கென நிறுவனங்களைத் தொடங்கினர். 'தி மேரி டைலர் மூர் ஷோ'வை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஜேம்ஸ் எல். புரூக்சின் கிரேசி ஃபில்ம்ஸ், திரையரங்கில் பேசிக்கொண்டிருப்போரை ஒரு பெண் 'உஷ்' என்று அடக்கும் காட்சியைக் கொண்டது. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் ஹாலோவீன் சிறப்புப் பகுதிகளில் அந்த 'உஷ்' அலறலாக மாற்றப்பட்டது. 'லூ கிராண்ட்' தொடரில் பணியாற்றிய கேரி டேவிட் கோல்ட்பெர்க் தம் நிறுவனத்திற்குத் தம் நாயான உபுவின் பெயரையே இட்டார். இலச்சினையில் நாயை உட்காரச் சொல்லிப் பாராட்டும் குரலும் அவருடையதே. 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' தொடரை உருவாக்கியோருள் ஒருவரான ஸ்டீவன் பாச்கோ, வயலின் கலைஞரான தம் தந்தை வாசிக்கும் உருவத்தை இலச்சினையாக்கினார்.

இம்மூன்றிலும் ஒரு சிறு நிகழ்வும் ஓர் உயிருள்ள குரல் அல்லது இசையும் படைப்பாளரின் வாழ்வோடோ பார்வையாளரின் அனுபவத்தோடோ தொடர்புடைய ஒரு குறிப்பும் காணப்படுகின்றன. சுத்தியலும் எழுத்து வடிவமும் ஆண்ட இடத்தில் நாயும் தந்தையும் திரையரங்கப் பெண்ணும் வந்து நின்றனர். நிறுவனத்தின் முத்திரை எழுத்தாளரின் கையொப்பமாக மாறிய வரலாற்றில் மிம்சியின் இடம் தொடக்கப்புள்ளியாகும்.

உரிமை கைமாறுதலும் இலச்சினையின் சுருக்கமும்

டிங்கர் 1981-இல் என்.பி.சி. வலையமைப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்று எம்.டி.எம். நிறுவனத்தைவிட்டு விலகினார். திரையில் பூனைக்குட்டி உயிர்துறந்த 1988-ஆம் ஆண்டிலேயே நிறுவனம் பிரித்தானியாவின் டி.வி.எஸ். நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பின்னர் இன்டர்நேஷனல் ஃபேமிலி என்டர்டெயின்மென்ட், அதன்வழி 1997-இல் நியூஸ் கார்ப்பரேஷன் எனக் கைமாறி, 2019-இல் ஃபாக்ஸ் சொத்துகளுடன் டிஸ்னியைச் சென்றடைந்தது.

நிதிநல விதிகள் 1993-இல் பெருமளவு தளர்த்தப்பட்டு 1995-இல் முற்றிலும் நீங்கின. வலையமைப்புகள் மீண்டும் தாமே நிகழ்ச்சிகளின் உரிமையாளராயின. டிஸ்னி 1996-இல் ஏ.பி.சி.யைத் தன்னுடன் இணைத்தது. சி.பி.எஸ்.-இலிருந்து பிரிக்கப்பட்ட வயாகாம் 2000-இல் அந்த சி.பி.எஸ்.-ஐயே வாங்கியது. இதற்கிடையே 1994-இல் என்.பி.சி., பெயர்ப்பட்டியலைத் திரையின் ஒரு பகுதிக்குள் ஒடுக்கி எஞ்சிய பகுதியில் அடுத்த நிகழ்ச்சிக்கான விளம்பரத்தைக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. படைப்பாளரின் உரிமை சட்டத்தில் சுருங்கிய அதே ஆண்டுகளில் அவர்தம் கையொப்பத்திற்குரிய இடமும் திரையில் சுருங்கியது.

முடிவுரை

எம்.டி.எம். இலச்சினையின் வரலாறு இரு முடிவுகளைத் தருகிறது. முதலாவது, திரை இலச்சினையின் வடிவம் உரிமைச் சட்டத்தின் வடிவத்தோடு பிணைந்தது. தனித் தயாரிப்பாளர் உரிமை பெற்ற காலத்திலேயே ஒரு பூனைக்குட்டி வேடமிட்டுப் பேச முடிந்தது. இரண்டாவது, மறுஒளிபரப்பிலும் மறுவெளியீட்டிலும் புதிய உரிமையாளரின் இலச்சினைக்காகப் பழையது நீக்கப்படும்போது உரிமைச் சான்று ஒன்று அழிவதோடு, 'செயின்ட் எல்ஸ்வேர்' போன்ற படைப்புகளில் மூலபாடமே சிதைகிறது. ஓலைச்சுவடியின் இறுதியில் ஏடெழுதியோர் இட்ட குறிப்பைப் பதிப்பாசிரியர் விலக்காது பேணுவதுபோல, தொலைக்காட்சிப் படைப்பைப் பாதுகாப்போரும் அதன் இறுதி நொடிகளைப் படைப்பின் உறுப்பாகக் கருதிப் பேணுதல் வேண்டும்.