ஊட்டுப்புரைக்கு நெல் விளைவித்தவர்கள்



தக்கலைக்கு அருகே நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனை குமரி மண்ணில் இருந்தாலும், அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோதும் அரண்மனை கேரளத்திடமே இருந்துவிட்டது. திருவிதாங்கூர் அரசின் ஓலைகளும் கோப்புகளும் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பவர்கள் மந்திரசாலையையும் மரவேலையையும் வியக்கிறார்கள். ஆயிரம் பிராமணர்களுக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரையும் அங்கே உண்டு. அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தது யார்? இதைக் கட்டடம் சொல்லாது, ஆவணம் சொல்லும்.

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. இந்த வயல்களில் புலையரும் பறையரும் அடிமைகளாக உழைத்தார்கள். 1836இல் சமஸ்தானம் எடுத்த கணக்கில் மக்கள்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864 பேர். ஏறக்குறைய எட்டில் ஒருவர்! அரசுக்குச் சொந்தமான அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள் என்ற பிரகடனம் 1853இல் வந்தது. அடிமைமுறை முழுவதையும் ஒழித்த பிரகடனம் வந்தது 1855இல்தான்.

அரசு ஆவணங்கள் மட்டுமல்ல, அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகளும் நமக்கு முக்கியம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்த, பின்னர் அ.கா. பெருமாள் பதிப்பித்த ஓலைகள் இவை. நிலத்தை எழுதிக் கொடுப்பதுபோல் மனிதரையும் விலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றை எழுதியவர்கள் நம் வரலாற்றைக் காப்பாற்ற எழுதவில்லை. தங்கள் உடைமைக்கு அத்தாட்சி வேண்டும் என்று எழுதினார்கள். அதே அத்தாட்சி இன்று அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. "எங்கள் ஊரில் அப்படியெல்லாம் இல்லை, எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தோம்" என்று சொல்பவர்களுக்கு நாம் கோபத்தோடு பதில் சொல்ல வேண்டியதில்லை. ஓலையைக் காட்டினால் போதும்.

ஆனால் காட்டுவதற்கு முதலில் நமக்கு வாசிக்கத் தெரிய வேண்டும். பழைய ஆவணங்கள் பல வட்டெழுத்திலும் மலையாளத்திலும் இருக்கின்றன. வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த எழுத்துகளைக் கற்க வேண்டும். காப்பகத்துக்குப் போய்ப் பழகவேண்டும். ஓலையில் விலையும் எண்ணிக்கையும்தான் இருக்கும். அவர்கள் பட்ட பாடு நம் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அதையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

அடுத்த முறை பத்மநாபபுரம் போகும்போது ஊட்டுப்புரையில் சற்று நின்று, உடன் வருபவர்களிடம் அந்த 1836 கணக்கைச் சொல்லுங்கள்.