கண்டம் செட்டுகள் காப்பாற்றிய டிவி

கார் நிறுத்துமிட மூலையில் கிடக்கும் நான்கு பழைய டிவிகளைக் காயலான் கடைக்குப் போடலாம் என்று சங்கம் யோசித்துவருகிறது. போடும் முன் அவற்றின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போதெல்லாம் டிவி வைத்திருக்கத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டும். நான் 20 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கியது 1986-ல். குமாஸ்தாவுக்கு அது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். பழுதானால் தூக்கிப்போட மனசு வருமா?

எங்கள் தெரு மெக்கானிக் கடையில் 'கண்டம்' ஆன செட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒன்றில் ஈ.எச்.டி. நன்றாயிருக்கும், இன்னொன்றில் யோக். படக்குழாய்க்குப் பதினைந்தாயிரம் வோல்ட் அளவில் மின்சாரம் தருவது ஈ.எச்.டி.தான். மழைக்காலத்தில் அது 'உஸ்' என்று சீறும். என் பெட்டிக்கு இரண்டு முறை கண்டம் செட்டிலிருந்து கழற்றிப் போட்டார். குழாய் மங்கியதும் கடைக்காரர் ஒருவர் புதிதென்று விற்ற குழாய், பழையதைத் தேற்றியது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கும் மெக்கானிக்கே வழி செய்தார். ஈ.எச்.டி.யின் ஃபெரைட் கட்டையில் இரண்டு சுற்றுக் கம்பி கூடுதலாகச் சுற்றி, 6.3 வோல்ட் ஹீட்டருக்குக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். படம் பளிச்சென்றது. "இது கடன் வாங்கின ஆயுசு சார்" என்றார். இரண்டு வருடம் ஓடியது.

1982-ல் கலர் வந்தபின், கறுப்பு வெள்ளையைக் கலராக்க முடியுமா என்று அவரிடம் கேட்காதவர் இல்லை. முடியாது, படக்குழாயே வேறு. சிலர் மேலே நீலமும் கீழே பச்சையுமான பிளாஸ்டிக் தாளைத் திரையில் மாட்டித் திருப்திப்பட்டார்கள். (நானும்தான்.) கேபிள் வந்தபோது மட்டும் நிஜமான மாற்றம் நடந்தது. 'கடக் கடக்' குமிழில் அத்தனை சேனல் பிடிக்காது. புது மாடல் கண்டம் செட்டின் எலக்ட்ரானிக் டியூனரை என் பெட்டிக்குள் பொருத்தினார்.

ஒரு எச்சரிக்கை. ஸ்விட்சை அணைத்த பிறகும் படக்குழாயில் மின்சாரம் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கியாயிற்றே என்று கை வைத்த என் மைத்துனர் சுவரோரம் போய் விழுந்தார். காயலான் கடையில் யோக்கின் செம்புக்காகக் குழாயை உடைப்பார்கள். உள்ளே வெற்றிடம், அதனால் கண்ணாடி வெடித்துச் சிதறும். கலர் குழாய்க் கண்ணாடியில் ஈயமும் உண்டு. மின்கழிவு விதிகள் 2012 மே முதலே நடைமுறையில் உள்ளன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுக்கலாமே? வண்டி வாடகைக்கு என் பங்கை முதலில் தருகிறேன்.

நான்கில் இடது ஓரத்தில் இருப்பது என்னுடையது. அதன் சேனல் குமிழை மட்டும் கழற்றிக்கொள்ள அனுமதி வேண்டும்.